அங்கமுத்துவுக்குக் கொடுத்த வாக்கு

அரியலூர் சபைக்கு ஒன்பது வருஷம் ஆயராக இருந்த அறிவுச்செல்வன் ஓய்வு பெற்ற அன்று அவர் தோளில் பதினான்கு பொன்னாடைகள் விழுந்தன. மே மாதக் கடைசி ஞாயிறு. கோயிலுக்குப் பின்னால் போட்டிருந்த பந்தலில் காற்று என்ற பேச்சே இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாகப் போர்த்திய துணிக்குள் மனிதர் அவிந்துகொண்டிருந்தார். ஆனாலும் ஒன்றைக்கூட எடுத்துக் கீழே வைக்க அவருக்கு மனம் வரவில்லை. எடுத்தால், போர்த்தியவர் எங்கிருந்தாவது பார்த்துக்கொண்டிருப்பார்.

பெண்கள் சங்கத்தின் சார்பில் பேசினார்கள். வாலிபர்கள் சார்பில் பேசினார்கள். விக்கிரமங்கலத்துக் கிளைச் சபையார் ஒரு மூட்டை கடலையைத் தூக்கிவந்து மேடைமேலேயே இறக்கினார்கள். சபைச் செயலாளர் சின்னதுரை வாழ்த்து மடலை வாசிக்கும்போது கண்ணைத் துடைத்துத் துடைத்து, நாலு வரி தாண்டி வாசித்து, மறுபடி பின்னால் போய், கடைசியில் மடலை அப்படியே ஆயர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எழுந்தவர் அங்கமுத்து. ரெட்டிபாளையத்துச் சிமெண்ட் ஆலையில் முப்பத்தாறு வருஷம் உழைத்து ஓய்ந்த மனிதர். வயது எண்பத்தொன்று. ஆலைச் சத்தத்தில் காது பாதி போய்விட்டதால் தனக்குக் கேட்கும் அளவுக்குத்தான் பேசுவார். அது ஊருக்கே கேட்கும். அதனால் மைக்கை வேண்டாமென்று தள்ளிவிட்டார்.

"ஐயரு எங்க வேணா போய் இருக்கட்டும். நல்லா இருக்கட்டும். ஆனா என்னைப் பொதைக்க மட்டும் வந்துரணும். என் பொண்டாட்டிக்குச் செஞ்சது இவரு. எனக்கும் இவருதான் செய்யணும். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

பந்தலே சிரித்தது. அறிவுச்செல்வனும் சிரித்தார். அந்த வெயிலும் பொன்னாடையும் மற்றவர்கள் கண்ணீரும் சேர்ந்து அவரை ஒரு மாதிரி இளக்கி வைத்திருந்தன. எழுந்து நின்று, "வரேன் அங்கமுத்து. எங்க இருந்தாலும் வந்துடுறேன். இது வாக்கு" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த அவர் மனைவி லீலாவதி மட்டும் தட்டவில்லை.

அவள் தட்டாததற்குக் காரணம் உண்டு. ஓய்வு பெற்ற ஆயர் தம் பழைய சபைக்குப் போய், இப்போதைய ஆயர் கூப்பிடாமல் ஞானஸ்நானமோ கல்யாணமோ அடக்கமோ நடத்தக்கூடாது என்பது திருமண்டலத்தில் வழக்கம். அந்த வழக்கத்தின் அருமை அறிவுச்செல்வனுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. ஒன்பது வருஷத்துக்கு முன் அவர் அரியலூருக்கு வந்த புதிதில், அவருக்கு முன்னால் இருந்தவர் வாரம் தவறாமல் வந்து நின்றார். மூன்று கல்யாணங்களை அவரே நடத்திவிட்டுப் போனார். அறிவுச்செல்வன் சாப்பாடு இறங்காமல் கிடந்து, கடைசியில் பேராயருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதைத் திருத்திக் கொடுத்தவளே லீலாவதிதான்.

புதன்கிழமை புதிய ஆயர் வந்தார். பெயர் மணிமொழி, நாற்பது வயதுக்குள் இருக்கும். அரியலூர் சபைக்குப் பெண் ஒருவர் ஆயராக வருவது அதுவே முதல் தடவை. கூடவே ஒரு சின்னச் சிக்கலும் வந்தது. அதுவரை ஆயரம்மா என்றால் ஆயரின் மனைவி. இப்போது ஆயரே அம்மா. அப்படியானால் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருக்கும் அவர் கணவர் கலைச்செல்வனை என்னவென்று கூப்பிடுவது? சாமான் இறக்க வந்த சபையார் தங்களுக்குள் குசுகுசுத்து, ஒருவழியாக 'ஆயரம்மா சார்' என்று முடிவு செய்தார்கள். அவர் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, மிக்சி வைத்த பெட்டி எது என்று தேடப் போனார்.

"எனக்கு நல்லதாப் போச்சு" என்றாள் லீலாவதி. "முப்பத்தோரு வருஷமா யாரும் என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. இனிமே கூப்பிடுவாங்க."

ஆபீஸ் அறையில் சாவிக்கொத்தும் பதிவேடுகளும் கை மாறின. மணிமொழி ஒரு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"சபைல யாரை முதல்ல போய்ப் பாக்கணும் ஐயா?"

அறிவுச்செல்வன் கமிட்டி ஆட்கள் எட்டுப் பேரையும் வரிசையாகச் சொன்னார். எழுதிக்கொண்டாள்.

"நடக்க முடியாம வூட்டோட கெடக்கறவங்க யாரு யாருங்க ஐயா?"

இதற்கு அவர் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. நாலு பேரைச் சொன்னார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "ரெட்டிபாளையத்துல அங்கமுத்துன்னு ஒருத்தர். இப்ப நடக்கிறார். ரொம்ப நாளைக்கு நடக்க மாட்டார்" என்றார். அதையும் எழுதிக்கொண்டாள்.

பெரம்பலூரில் துறைமங்கலம் பக்கம் அவர்கள் கட்டி வைத்திருந்த வீடு சின்னது. அரியலூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். வாழ்நாள் முழுக்க மிஷன் வீடுகளின் மஞ்சள் சுவர்களுக்குள் குடித்தனம் நடத்திய லீலாவதி, சமையலறைக்குக் கிளிப்பச்சை அடித்தாள். பெயிண்டர் இரண்டு முறை கேட்டான், நிச்சயமாக இதுதானா என்று. நிச்சயமாக இதுதான் என்றாள். காலையில் காபி போடும்போது அந்தச் சுவரைப் பார்த்து அவள் முகம் விரிவதை அறிவுச்செல்வன் பார்த்திருக்கிறார்.

அவருக்குத்தான் பொழுது போகவில்லை. கதவு தட்டுகிற சத்தத்துக்கே பழகிய காது. இங்கே பால்காரரும் கேஸ்காரரும் தவிர யாரும் தட்டவில்லை. அப்படி இருக்கும்போதுதான் ஜூலையில் ஒரு சனிக்கிழமை சின்னதுரை வந்து நின்றார்.

"சும்மாதாங்க ஐயரே. பெரம்பலூர்ல ஒரு வேலை. அப்படியே பாத்துட்டுப் போலாம்னு."

அந்த வேலை என்னவென்று கடைசி வரை தெரியவில்லை. வந்து உட்கார்ந்த சின்னதுரை இரண்டு மணி நேரம் சபையைப் பற்றியே பேசினார். ஆயரம்மா பிரசங்க பீடத்தில் ஏறுவதில்லை, கீழே நின்றே பேசுகிறார். ஆலையில் காலை ஷிப்டுக்குப் போகிறவர்களுக்காக ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு இன்னொரு ஆராதனை வைத்திருக்கிறார். எல்லாவற்றையும்விட மோசம், ஆண்கள் பக்கம் பெண்கள் பக்கம் என்று இருந்ததை எடுத்துவிட்டு, குடும்பம் குடும்பமாக உட்காரலாம் என்று சொல்லிவிட்டார்.

"முப்பது வருஷமா நான் மூணாவது ஃபேனுக்குக் கீழ நிம்மதியா உக்காந்திருந்தேன். இப்ப என் சம்சாரம் வந்து பக்கத்துல உக்காந்துக்கிறா. பிரசங்கத்துல செத்த கண்ணசந்தா விலாவுல இடிக்கிறா. இதெல்லாம் ஒரு ஆராதனையாங்க?"

அறிவுச்செல்வன் சிரித்தார். மணிமொழியைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவளுக்காகவும் ஒரு வார்த்தை பேசவில்லை. "ஓஹோ", "அப்படியா" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். சின்னதுரை போன பிறகு வீடு முழுக்க ஒரு வெளிச்சம் பரவியிருப்பதுபோல் அவருக்குத் தோன்றியது.

தம்ளர்களை எடுக்க வந்த லீலாவதி சொன்னாள்: "அவர் வந்துட்டுப் போனா நீங்க ஒரு சுத்துப் பெருத்துடுறீங்க."

சனிக்கிழமை தோறும் சின்னதுரை வந்தார். ஒரு வாரம் வேறு இரண்டு பேரையும் கூட்டிவந்தார். அக்டோபரில் கீழப்பழுவூரிலிருந்து சபைக்காரர் ஒருவர் போன் செய்தார். புது வீடு கட்டியிருக்கிறார்கள்; ஐயர் வந்து ஜெபம் பண்ணித்தான் பால் காய்ச்ச வேண்டுமாம். ஆயரம்மாவிடம் சொன்னீர்களா என்று அறிவுச்செல்வன் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "ஜெபந்தானே, கல்யாணமா காதுகுத்தா" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். லீலாவதியிடம் கண் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். முப்பத்தோரு வருஷம் பத்துக் கட்டளையைப் பற்றிப் பிரசங்கம் செய்த மனிதர்.

ஜெபம் நன்றாக நடந்தது. தலைவாழை இலையில் சாப்பாடு. திரும்பி வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது. மணிமொழி.

"ஐயா, கீழப்பழுவூர் வரைக்கும் வந்தீங்களாமே. இந்தா இருக்கு அரியலூரு. நம்ம வூட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போயிருக்கலாமேங்க."

அவள் குரலில் குத்தல் இருக்கிறதா என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். இல்லை. அதுதான் அவரை அதிகம் வாட்டியது. "இன்னொரு நாளைக்கு வரேம்மா" என்று சொல்லி வைத்துவிட்டுத் திரும்பினால், லீலாவதி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"கண்ணு டாக்டர் என்ன சொன்னாரு?" என்றாள்.

அவர் குனிந்து சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். அவளும் மறுபடி கேட்கவில்லை. இரண்டு நாள் வீட்டில் குக்கர் விசில் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

பொங்கல் முடிந்து நாலாம் நாள் காலை, அறிவுச்செல்வன் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சின்னதுரை இறங்கினார். பின்னாலேயே அங்கமுத்துவின் மகன் முத்தமிழ், கசங்கிய சட்டையோடு. அவன் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"விடியக்காலம் அஞ்சு மணிக்குங்க" என்றான் முத்தமிழ். "சிரமம் ஒண்ணும் இல்ல. தூக்கத்துலயே போயிட்டாரு."

அறிவுச்செல்வன் அவன் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். சின்னதுரை பொறுக்கவில்லை.

"மூணு மணிக்கு அடக்கம் ஐயரே. கெளம்புங்க. பந்தல்ல அத்தனை பேருக்கு முன்னாடி வாக்கு குடுத்திருக்கீங்க. இன்னிக்கு யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தார். எட்டு மாதமாக மடித்து வைத்திருந்த வெள்ளை அங்கி. எடுத்து உதறும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது, ஏனென்றால் துக்கத்துக்கு நடுவில் உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. லீலாவதி வந்து அங்கியை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"ஆயரம்மாகிட்ட கேட்டாங்களா?"

"அங்க போய்ப் பேசிக்கலாம்."

"வாக்கு குடுக்கும்போதும் யாரையும் கேக்கல" என்றாள். "அந்தக் கடுதாசிய நான்தான் திருத்தினேன். ஞாபகம் இருக்கட்டும்."

அதற்குமேல் அவள் சண்டை போடவில்லை. அங்கியை ஒழுங்காக மடித்து ஒரு துணிப்பைக்குள் வைத்தாள். தானும் புடவை மாற்றிக்கொண்டு வந்து காரில் ஏறினாள். பேரளி தாண்டும் வரை சின்னதுரைதான் பேசிக்கொண்டு வந்தார். முத்தமிழ் ஏதோ சொல்ல இரண்டு முறை வாயெடுத்தான். இரண்டு முறையும் சின்னதுரை குறுக்கே புகுந்துவிட்டார். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வரிசையாக எதிரே வந்தன.

ரெட்டிபாளையத்தில் வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். ஆலையில் ஷிப்டு முடிந்து நேராக வந்தவர்கள் தலையில் ஒட்டிய தூசோடு நின்றார்கள். உள்ளே, பெட்டியின் பக்கத்தில் பெண்களோடு பெண்ணாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள் மணிமொழி. சாதாரண நூல் புடவை. காலையிலிருந்தே அங்கேதான் இருக்கிறாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. இவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்து லீலாவதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அறிவுச்செல்வன் முதலில் அங்கமுத்துவைப் பார்த்தார். பிறகு மணிமொழியைத் தனியாக, மாட்டுக்கொட்டகைப் பக்கம் அழைத்துப் போனார். ஒரு நிமிஷ வேலை என்று நினைத்துத்தான் போனார். கேட்க வேண்டியதை எங்கே தொடங்குவதென்று தேட வேண்டியிருந்தது. ஓய்வு பெற்ற ஒருவர் கேட்பது இவ்வளவு கஷ்டமா, தனக்கு முன்னால் இருந்த அந்த ஆயருக்கும் அன்றைக்கு இப்படித்தான் இருந்திருக்குமோ என்று அவருக்கு முதல்முறையாகத் தோன்றியது. ஆனால் அந்த ஆயர் கேட்கவே இல்லையே.

"நான் அவருக்கு வாக்கு குடுத்துட்டேம்மா. குடுத்திருக்கக் கூடாது. உன்கிட்ட கேக்காம செய்யறதுக்கு எனக்கு உரிமை இல்ல. அதான் கேக்கறேன்."

"இதுல என்னங்க ஐயா இருக்கு" என்றாள் மணிமொழி உடனே. "நீங்களே நடத்துங்க. நான் வேதபாடம் வாசிக்கிறேன்."

ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் நின்றார். மணிமொழி உள்ளே போனாள். அவர் பைக்குள் கைவிட்டு அங்கியை எடுக்கும்போது, முத்தமிழின் மனைவி சசிகலா ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து நின்றாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"ஐயரே, ஒரு விஷயம். இவரு கார்லயே சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன். சொல்லலையாம். பேச விடலையாம்."

"சொல்லும்மா."

"மாமா படுக்கையில விழுந்தது நவம்பர்லங்க. ஆயரம்மா புதன்கிழமை தவறாம வருவாங்க. வந்து உக்காந்து பேசுவாங்க. மாமாவுக்குக் காது கேக்காதுல்ல, அதனால இவங்க பேசறது கொறச்சல்தான். அவரு பேசுவாரு, இவங்க கேப்பாங்க. ஆலையில மொதமொத சூளை பத்தவெச்ச கதையெல்லாம் நாலு தடவை கேட்டிருக்காங்க. பத்து நாளைக்கு முன்ன மாமா எங்க எல்லாரையும் கூப்பிட்டு வெச்சுச் சொன்னாரு. ஐயரு முட்டிவலியோட அம்புட்டு தூரத்துலேருந்து அலையக் கூடாது. இந்தப் புள்ளையே எனக்குச் செய்யட்டும். ஐயரு வந்தாருன்னா நல்ல சேரா பாத்துப் போட்டு என் பக்கத்துல உக்கார வைங்க. அவரு எனக்கு ஐயரா வர வேணாம், சேக்காளியா வந்தாப் போதும்னாரு."

சசிகலா தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அறிவுச்செல்வன் சொம்பைப் பிடித்தபடி மாடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் சுருக்கென்று ஒன்று தைத்தது. அதை இல்லையென்று சொல்ல முடியாது. தன்னை வேண்டாமென்று சொல்லிவிட்டானே கிழவன் என்றுதான் நினைத்தார். பிறகு சசிகலா சொன்னதை மறுபடி மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். எத்தனை வருஷம் இவர் அங்கமுத்து வீட்டுக்கு வந்திருக்கிறார்; ஆனால் சூளை பற்றவைத்த கதை அவருக்குத் தெரியாது. ஜெபம் பண்ணுவார், காபி குடிப்பார், அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். யாரும் அவரைச் சேக்காளி, கூட்டாளி என்று சொன்னதும் இல்லை. ஆயராக இருந்த ஊரில் அவருக்குச் சேக்காளி என்று யார் இருந்தார்கள்?

சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். அங்கியைத் திரும்பப் பைக்குள் வைத்தார். வாசலுக்குப் போய் மணிமொழியைக் கூப்பிட்டார்.

"அவர் சொன்னது உனக்குத் தெரியும்தானே?"

"தெரியுங்க ஐயா."

"பின்ன ஏன் சொல்லல?"

"நான் சொன்னா, எனக்காகக் கேட்ட மாதிரி ஆயிடும்ல. அவங்க வூட்டுக்காரங்க சொல்லணும். இல்லன்னா விட்டுடலாம்னு இருந்தேன்."

"நீங்களே நடத்துங்க ஆயரம்மா" என்றார் அவர். தன்னை அறியாமல் நீ, நீங்கள் ஆகியிருந்தது. "எல்லாமே. கடைசி ஆசீர்வாதமும்."

"உங்களுக்குக் கஷ்டமா இல்லீங்களா?"

"காலையில இருந்துச்சு. இப்ப இல்ல."

சின்னதுரைக்கு விஷயம் தெரிந்ததும் முகம் சிவந்தது. "என்னங்க ஐயரே, இவ்வளவு தூரம் கூட்டியாந்தேன். சும்மா உக்காரவா வந்தீங்க?" என்றார். "ஆமா, அதுக்குத்தான் கூப்பிட்டிருக்காரு" என்று சொல்லிவிட்டு அறிவுச்செல்வன் அங்கமுத்துவின் தலைமாட்டில் போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நல்ல நாற்காலிதான்; கை வைத்தது.

மணிமொழி அங்கி அணிந்து வந்து ஆராதனையைத் தொடங்கினாள். அவள் குரல் பெரிய குரல் இல்லை. ஆனால் அங்கமுத்துவைப் பற்றிப் பேசும்போது அங்கமுத்துவைப் பற்றியே பேசினாள். சூளையை முதல்முதல் பற்றவைத்த அன்று வெளியூர் இஞ்சினியர்கள் எல்லாம் பத்தடி தள்ளி நிற்க, இந்த மனிதர் மட்டும் பக்கத்தில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்ட கதையைச் சொன்னாள். துக்க வீட்டில் மெல்ல ஒரு சிரிப்பு ஓடியது. முத்தமிழ் அழுதுகொண்டே சிரித்தான். தான் அடக்க ஆராதனைகளில் எப்போதும் பேசிவந்த அந்த ஒரே பிரசங்கத்தை, பெயரை மட்டும் மாற்றி மாற்றிப் பேசியதை, அறிவுச்செல்வன் நினைத்துப் பார்த்தார். அது தப்பான பிரசங்கம் இல்லை. ஆனால் அதில் பீடி இல்லை.

கல்லறைத் தோட்டம் வரை வண்டியில் போயிற்று பெட்டி. கேட்டிலிருந்து குழி வரை தோளில் தூக்கிப் போக வேண்டும். மணிமொழி முன்னால் நடந்தாள். ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். பின்பக்கம் தூக்கியவர் குட்டை. பெட்டி ஒருபக்கம் சாய்ந்தது. "நகருங்க, நான் பிடிக்கிறேன்" என்று சொல்லி அறிவுச்செல்வன் தோளைக் கொடுத்தார்.

எத்தனையோ அடக்கங்கள் நடத்தியிருக்கிறார். நானூறு, ஐந்நூறு இருக்கும். எப்போதும் பெட்டிக்கு முன்னால் நடந்தவர். ஒரு பெட்டியின் கனம் என்னவென்று அவர் தோள் அறிந்ததே இல்லை. மரத்தின் விளிம்பு எலும்பில் அழுந்தியது. முட்டி வலித்தது. பக்கத்தில் ஆலைக்காரர் ஒருவரின் மூச்சு அவர் காதில் பட்டது. "மெதுவா, மெதுவா, அங்க கல்லு கெடக்கு" என்று யாரோ சொன்னார்கள். ஆறு பேரும் ஒரே மாதிரி அடி வைத்தார்கள். குழியருகே இறக்கி வைத்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. முத்தமிழ் அவர் கையைப் பிடித்து, விடவில்லை. அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. பந்தலில் பதினான்கு பொன்னாடைக்குள் வராத அழுகை. ஆயராக இருந்தால் அடக்கிக்கொள்ள வேண்டும். அடுத்த ஜெபத்தைச் சொல்ல வேண்டும். இப்போது சொல்ல வேண்டியவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் அழுதார்.

எல்லாம் முடிந்து மணிமொழி அவர்களை விடவில்லை. அரியலூருக்கு வீட்டுக்குக் கூட்டிப் போனாள். காலையிலிருந்து யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. ஆயரம்மா சார் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, வத்தக்குழம்பும் பருப்புத் துவையலும் செய்து வைத்திருந்தார். லீலாவதி நேராகச் சமையலறைக்குள் போனாள். அவள் ஒன்பது வருஷம் புழங்கிய அறை. அடுப்பு மேடை ஜன்னல் பக்கம் மாறியிருந்தது.

"யாரு மாத்தினது?"

"நான்தாங்க" என்றார் கலைச்செல்வன், கொஞ்சம் பயந்துபோய். "புகை வெளிய போகட்டும்னு."

"ஒன்பது வருஷமாச் சொல்லிட்டு இருந்தேன் தம்பி. கமிட்டியில வெச்சுப் பேசறோம், பேசறோம்னாங்க" என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக் கழுவிக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்தாள்.

சாப்பிடும்போது அறிவுச்செல்வன் தானாகவே கீழப்பழுவூர்ப் பேச்சை எடுத்தார். தப்பு என்னுடையதுதான், கேட்காமல் போயிருக்கக் கூடாது என்றார். மணிமொழி குழம்பை ஊற்றிக்கொண்டே, "அன்னிக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு எறங்கலங்க ஐயா" என்றாள். மறைக்காமல் சொன்னாள். அவர் தலையாட்டினார். அந்தப் பசியின்மை எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதற்குமேல் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

கூடவே சாப்பிட்டுக்கொண்டிருந்த சின்னதுரையிடம் திரும்பி, "சனிக்கிழமை வாங்க சின்னதுரை. எப்பவும்போல வாங்க. ஆனா சபை விஷயம் மட்டும் வேண்டாம். அதை இங்க, இவங்ககிட்டயே பேசிடுங்க" என்றார்.

"அப்புறம் நாம என்னத்தப் பேசறதுங்க?" என்றார் சின்னதுரை, உண்மையாகவே குழம்பிப்போய்.

"தெரியல. பேசிப் பாப்போம்."

இரண்டு சனிக்கிழமை சின்னதுரை வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். முதல் கால் மணி நேரம் என்ன பேசுவதென்று தெரியாமல் இருவரும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மக்காச்சோளத்தில் பூச்சி விழுந்ததைப் பற்றி ஆரம்பித்தது. அதிலிருந்து சின்ன வயசில் சின்னதுரை வீட்டைவிட்டு ஓடிப்போய்ப் பெங்களூரில் ஓட்டலில் மாவாட்டிய கதைக்குப் போயிற்று. ஒன்பது வருஷம் கூடவே இருந்த செயலாளர். அந்தக் கதை அறிவுச்செல்வனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். சின்னதுரை மனைவிக்கே பாதிதான் தெரிந்திருந்தது. "எங்கிட்ட சமையல்காரரா இருந்தேன்னுல்ல சொன்னீங்க" என்றாள் அவள். போகும்போது, சாயங்கால ஆராதனைக்கு இப்போது காலை ஆராதனையைவிடக் கூட்டம் அதிகம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார் சின்னதுரை. "அதைச் சொல்லலாம், தப்பில்ல" என்றார் அறிவுச்செல்வன்.

அவர்களை நாலு மணி பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு வந்ததும், வீட்டில் ஒன்றும் செய்வதற்கு இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் என்றால் முப்பத்தோரு வருஷம் அது பிரசங்கத்துக்கு உரியது. கதவைச் சாத்திக்கொண்டு, யாரோடும் பேசாமல், எரிந்து விழுந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற நேரம். பிள்ளைகள் வீட்டில் இருந்த காலத்தில் அவர்கள்கூட அந்த நேரத்தில் மெத்தென்றுதான் நடப்பார்கள்.

"செருப்பைப் போடுங்க" என்றாள் லீலாவதி.

"எங்க?"

"நாலு ரோட்டுப் பக்கம் ஒரு வண்டிக்காரர் பஜ்ஜி போடறாராம். எதிர்வூட்டுல சொன்னாங்க. சனிக்கிழமை ரொம்ப நல்லா இருக்குமாம்."

நடந்தே போனார்கள். முட்டிவலிக்காக நடுவில் இரண்டு இடத்தில் நின்று, போகிற வருகிற பஸ்ஸைப் பார்த்தார்கள். வண்டியைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். இங்கே அவர் யாரென்று யாருக்கும் தெரியாது. "பெரியவரே, ஓரமா நில்லுங்க, எண்ணெய் தெறிக்கும்" என்றார் வண்டிக்காரர். அறிவுச்செல்வன் ஓரமாக நின்று, தன் முறை வரும்வரை காத்திருந்தார்.